எண்பதிலேயே நின்றவள்

ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு அவள் மேடையின் நடுவில் போய் நின்றாள். லாரிகள் ஏறி நின்று எடை பார்க்கிற இரும்பு மேடை, அறுபது டன் வரை தாங்கும். அதன் மேல் காலங்கார்த்தாலே ஒரு பொம்பளை காலுறையோடு தனியாக நிற்பதை யாராவது பார்த்தால் சிரிப்பார்கள். அதனால்தான் முதல் லாரி வருவதற்குள் இந்தக் காரியத்தை முடித்துக்கொள்வது. அவள் எடைச்சீட்டுப் போடும் கேபினுக்கு வெளியே டிரைவர்கள் பார்ப்பதற்காக மாட்டியிருந்த பெட்டியில் சிவப்பு எண்கள் கொஞ்சம் தடுமாறிவிட்டு நின்றன. 90.

"அட, இது என்ன கூத்து" என்று வாய்விட்டே சொன்னாள். மேடை இடுக்கில் மண் அடைத்தால் கணக்குத் தப்பும். துடைப்பத்தை எடுத்து நான்கு பக்கமும் பெருக்கினாள். கேபினுக்குள் ஓடி, பூஜ்யத்துக்குக் கொண்டுவரும் பொத்தானை அழுத்தி, திரும்ப ஓடிவந்து நின்றாள். 90. வேலைக் கோட்டைக் கழற்றிப் போட்டாள். சாவிக்கொத்து, போன், கடைசியில் தலையில் குத்தியிருந்த கிளிப்பைக்கூட விட்டுவைக்கவில்லை. அந்தப் பாழாய்ப்போன எண் அசைவேனா என்றது. இரும்புக்கு இவள் மேல் என்ன ஓரவஞ்சனை இருக்க முடியும்?

விஷயம் இதுதான். அந்த மேடை பத்துப் பத்துக் கிலோவாகத்தான் எண்ணும். முப்பது டன் ஜல்லிக்கு முன்னால் மூன்று கிலோ, நாலு கிலோவெல்லாம் அதற்குத் தூசு. எழுபத்தைந்தாக இருந்தாலும் எண்பது, எண்பத்து நாலாக இருந்தாலும் எண்பது. ஒன்றரை வருஷமாக அது எண்பது என்றே சொல்லிக்கொண்டிருந்தது, இவளும் நம்பிக்கொண்டிருந்தாள். நம்பினாள் என்று சொல்வதுகூடச் சரியில்லை, நம்புகிற மாதிரி நடந்துகொண்டாள். வீட்டில் இருந்த சின்ன எடை மிஷினில் பாட்டரி தீர்ந்து எத்தனையோ மாசம் ஆகிறது. ஒரு பாட்டரி வாங்கிப் போட எவ்வளவு நேரம் ஆகிவிடப் போகிறது? கணவன் ஒருதரம் கேட்டதற்கு, "கடையில அந்த சைஸ் இல்லையாம்" என்று கூசாமல் சொன்னாள்.

ஆபரேஷனுக்கு முன்னால் இதே மேடையில் நூற்று இருபது. மூன்று வருஷம் முன்பு இரைப்பையில் முக்கால்வாசியை வெட்டி எடுத்து, மிச்சத்தை ஒரு குழாய் மாதிரி தைத்துவிட்டார்கள். ஒரே வருஷத்தில் எழுபது. அந்த எழுபதை நினைத்தால் இப்போதும் அவளுக்கு முகம் மலர்ந்துவிடும். கேபினுக்கு ஏறும் மூன்று படியில் மூச்சு வாங்காமல் ஏறினாள். சர்க்கரை மாத்திரை நின்றது. 'அறுபது டன்' என்று அவளுக்குப் பட்டப்பெயர் வைத்திருந்த டிரைவர்கள், காலி வண்டியைச் சொல்வது போல 'எம்ப்டி அக்கா' என்று மாற்றிக் கூப்பிட ஆரம்பித்தார்கள். அவளுக்கு அதில் அவ்வளவு பெருமை. பெரிய படிப்புப் படித்துப் பட்டம் வாங்கினவளைப் போலக் கொஞ்ச நாள் நடந்தாள்.

அப்புறம் ஒரு நாள் பசித்தது. மறந்தே போயிருந்த பசி. நிறையச் சாப்பிட வயிற்றில் இடமில்லைதான், தட்டு நிறையப் போட்டால் இன்றைக்கும் நாலு வாய்க்கு மேல் இறங்காது. ஆனால் பிஸ்கட்டை டீயில் முக்கினால் அது கரைந்து, வழி கேட்காமல் போய்விடுகிறது. ஒன்று, அரைமணி கழித்து ஒன்று, லாரி வராத நேரத்தில் ஒன்று. யாரும் இவளைத் தின்னிப்பண்டாரம் என்று சொல்ல முடியாது, ஏனென்றால் இவள் தின்பதை யாரும் பார்க்கவில்லை. 'எடை கொஞ்சம் திரும்பலாம், அப்படித் திரும்பினால் உடனே வாங்க' என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார். இவள் போகவில்லை. எழுபதாக இருந்தபோது என்னத்துக்குப் போவது என்று போகவில்லை, எண்பதானபோது எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது என்று போகவில்லை. உடம்பையே வெட்டிக்கொடுத்தும் அடக்கத் தெரியாதவள் என்று அவர்கள் நினைப்பார்களே என்ற வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது.

இதெல்லாம் அவளோடு போயிருந்தால் பரவாயில்லை. இன்றைக்கு நாத்தனார் வருகிறாள். கணவனின் தங்கை, வேறு ஊரில் ஒரு பள்ளிக்கூட நூலகத்தில் வேலை. நூற்றுப் பதினைந்து கிலோ, இரண்டு முழங்காலும் போய்விட்டது. நாளை மறுநாள் அவளுக்கு அதே ஆஸ்பத்திரியில், அதே டாக்டரிடம், அதே ஆபரேஷன். பத்து வருஷமாகக் கத்தி என்றாலே நடுங்கியவள் இவளுடைய எழுபது கிலோ போட்டோவைப் பார்த்துத்தான் மனசு மாறினாள். "நீங்க இருக்கீங்கங்கற தைரியத்துலதான் அண்ணி படுக்கப் போறேன்" என்று போனில் சொல்லிக்கொண்டே இருந்தாள். இருவரும் நேரில் பார்த்து ஒன்றரை வருஷம் ஆகிறது. போனில்தான் தினமும் முகம் பார்த்துப் பேச்சு. அட்மிட் ஆவதற்கு முன்னால் அண்ணியை ஒருதரம் கண்ணால் பார்த்துவிட்டுப் போக வேண்டுமாம்.

"அவ வந்தா ஏடாகூடமா எதையாவது சொல்லி பயமுறுத்திடாத. எப்படியோ ஒத்துக்கிட்டா. அப்புறம் திரும்பிப் போயிட்டான்னா அவ முழங்காலுக்கு நீதான் பதில் சொல்லணும்" என்று கணவன் காலையில் சட்டைப் பொத்தானைப் போட்டபடியே சொன்னான். இவளைப் பார்த்துச் சொல்லவில்லை. அவனுக்குத் தெரியும். ஒரே வீட்டில் இருக்கிறவனுக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிந்தும் தங்கையிடம் 'உங்க அண்ணியைப் பாரு, அண்ணியைப் பாரு' என்று பீற்றிக்கொண்டே இருந்தான்.

அன்று முழுக்க அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தாள், எழுந்தாள், ஜன்னல் கண்ணாடியைத் துடைத்தாள், துடைத்த கண்ணாடியை மறுபடி துடைத்தாள். கோட்டின் பொத்தானைப் போட்டுப் பார்த்தாள், வயிற்றருகே இழுத்தது, கழற்றினாள். சொல்லிவிடலாம் என்று ஒரு லாரிக்கும், சொல்ல வேண்டாம் என்று அடுத்த லாரிக்கும் தீர்மானம் மாறியது. சொன்னால் அவள் பயந்து ஓடிவிடுவாள், சொல்லாவிட்டால் பொய்யை நம்பிப் போய்ப் படுப்பாள். இந்த யோசனையில் பழைய இரும்பு ஏற்றி வந்த வண்டியைக் காலி வண்டி என்று பதிந்து சீட்டைக் கிழித்து நீட்டிவிட்டாள். டிரைவர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எம்ப்டி அக்கா, என் லோடு மொத்தத்தையும் எங்க ஒளிச்சு வச்சீங்க?"

மற்ற நாளாக இருந்தால் அவளும் பதிலுக்கு ஒன்று போட்டிருப்பாள். இன்றைக்குச் சுரீர் என்றது. "குடுங்கண்ணே, மாத்தித் தரேன்" என்று மட்டும் சொல்லிச் சீட்டைப் பிடுங்காத குறையாக வாங்கினாள்.

மூன்று மணி சுமாருக்கு நாத்தனார் வந்தாள். ஒரு கையில் பை, ஒரு கையில் ஊன்றுகோல். மூன்று படியையும் மூன்று மலையாக நினைத்து, ஒவ்வொன்றிலும் நின்று நின்று ஏறினாள். இவள் கோட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்தாள். நாத்தனாரின் கண் முகத்திலிருந்து இறங்கி இடுப்பு வரை போய், மாட்டிக்கொண்ட திருடனைப் போல அவசரமாக முகத்துக்கே திரும்பியது.

"நல்லா இருக்கீங்க அண்ணி. முகம் தெளிவா இருக்கு" என்றாள்.

அந்தப் பெருந்தன்மையைத்தான் இவளால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால்கூடச் சமாளித்திருப்பாள். காலையிலிருந்து போட்ட தீர்மானமெல்லாம் காற்றில் போயிற்று.

"தொண்ணூறு" என்றாள்.

"என்னது தொண்ணூறு? கிலோவா?"

"பின்ன என்ன, டன்னா?"

நாத்தனாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த வேகத்தில் போயும்விட்டது. மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தாள். இவள் நின்றுகொண்டே கொட்டித் தீர்த்தாள். பசி திரும்பியது, டீயில் முக்கிய பிஸ்கட், டாக்டரிடம் போகாதது, எண்பது என்றே சொன்ன மேடை, பாட்டரி இல்லாத மிஷின். எல்லாம் முடிந்த பிறகு நாத்தனார் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அதுக்குத்தான் போனை அவ்வளவு உசரத்துல தூக்கிப் பிடிச்சுக்கிட்டே பேசுனீங்களா?"

ஒன்றரை வருஷம் இவள் கை கடுக்கக் கடுக்கத் தூக்கிப் பிடித்திருந்தாள். மேலிருந்து எடுத்தால் தாடை ஒன்றாகத் தெரியும்.

"நான் காலையில தின்னது, ராத்திரி தின்னது எல்லாத்தையும் ஒண்ணு விடாம உங்ககிட்ட சொன்னேன் அண்ணி. நீங்க எனக்குப் புத்தி சொன்னீங்க. பிஸ்கட் தொடாதேன்னு சொன்னீங்க. நாளைக்கு எனக்கும் ஏறும். ஏறினா நானும் உங்கள மாதிரி கையைத் தூக்கிக்கிட்டே இருக்கணுமா?"

"மறுபடி செய்யச் சொன்னா நான் செய்வேன்" என்றாள் இவள் அவசரமாக. "சத்தியமா. நான் இன்னைக்கு மாடிப்படி ஏறறேன், சர்க்கரை மாத்திரை இல்ல. அது பொய்யில்ல. ஆபரேஷன் மேல தப்பில்ல, நான்தான்..." மேடையில் ஒரு மணல் லாரி ஏறி நின்று ஹாரன் அடித்தது.

நாத்தனார் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு எழுந்தாள். பை நாற்காலியிலேயே கிடந்தது. படி இறங்கிப் போனாள். பின்னாலேயே ஓட வேண்டும் என்று இவளுக்குக் கால் பரபரத்தது, ஆனால் டிரைவர் ஜன்னலில் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறான். வண்டி எண்ணைத் தட்டினாள், தப்பாக விழுந்தது, அழித்துவிட்டு மறுபடி தட்டினாள். கண்ணாடி வழியாகப் பார்த்தாள். சுவரோரம் நிழலில் நின்று நாத்தனார் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியாகத்தான் இருக்கும். வேண்டாம் என்று சொல்கிறாள். கெடுத்தேன், என் வாயால் கெடுத்தேன் என்று இவள் தன்னையே திட்டிக்கொண்டாள். சாயங்காலம் கணவன் கத்தப்போகும் கத்தல் இப்போதே காதில் கேட்டது. அவன் கத்தட்டும். அந்த முழங்கால்களை நினைத்தபோதுதான் அழுகை முட்டியது.

லாரிக்குப் பின்னால் இன்னொரு லாரி வந்து நின்றது, அதற்குப் பின்னால் இன்னொன்று. சீட்டு அச்சாகிக்கொண்டிருந்தபோது பக்கத்துக் கண்ணாடியில் யாரோ மோதிரத்தால் தட்டினார்கள். நாத்தனார். போனைக் காதில் வைத்தபடியே ஏதோ கேட்டாள். என்ஜின் இரைச்சலில் ஒரு எழுத்துகூட விழவில்லை.

"என்ன?" என்று இவள் கையால் கேட்டாள்.

நாத்தனார் போனை வாயிலிருந்து விலக்கி, கண்ணாடியோடு முகத்தை ஒட்டிக்கொண்டு கத்தினாள். "உங்க பழைய ஃபைல் நம்பர் கேக்கறாங்க அண்ணி! டாக்டர் நாளன்னைக்குக் காலையில பாப்பாராம். எனக்கு முன்னாடி உங்களை!"

டிரைவர் "அக்கா, சீட்டு" என்றான். மூன்றாவது லாரிக்காரனும் ஹாரன் அடிக்க ஆரம்பித்தான். அந்த எண் நினைவிருக்குமா என்று அவள் யோசிக்கக்கூட இல்லை, கை தானாக எழுதியது. அச்சான சீட்டைத் திருப்பிப் போட்டு, வெள்ளையாக இருந்த பின்பக்கத்தில் ஆறு இலக்கங்களைப் பெரிது பெரிதாக எழுதிக் கண்ணாடியில் வைத்து இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தாள். கோட்டு விலகி வயிறு தெரிந்தது. வெளியே நாத்தனார் கண்ணை இடுக்கிக்கொண்டு, ஒவ்வொரு இலக்கத்தின் மேலும் விரலை வைத்து, போனுக்குள் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள்.