பொன்மொழி ஃபோல்டர்

கட்டட வரைபடம் போடும் அந்த அலுவலகத்தில் மூன்று குலத்துக் கம்ப்யூட்டர்கள் இருந்தன. வரைகிறவர்களுக்கு மேக். கணக்குப் பிரிவுக்கு விண்டோஸ். எல்லோருடைய ஃபைல்களையும் வயிற்றில் சுமக்கும் சர்வர் லினக்ஸ். அது டீ கலக்கும் அறைக்குப் பக்கத்து அலமாரியில், உடைந்த மின்விசிறியோடும் பழைய திரைச்சீலையோடும் ஒண்டுக்குடித்தனம் செய்தது. இந்த மூன்று குலமும் ஒரே பந்தியில் சண்டையில்லாமல் உட்கார்ந்து சாப்பிடும்படி பார்த்துக்கொள்வது சர்வர்காரரின் பிழைப்பு. எல்லாம் ஒழுங்காக நடந்தால் அப்படி ஓர் ஆள் இருப்பதே யாருக்கும் ஞாபகம் வராது. கெட்டால் மட்டும் ஆள் மேல் ஆள் வரும்.

டைரக்டருக்கு அலுவலகம் வைத்த பெயர் 'தொலைநோக்கு'. வாயைத் திறந்தால் அந்தச் சொல்தான் முதலில் விழும். எதிரே கிடக்கும் நாற்காலியில் முட்டிக்கொள்வது அதற்கு அடுத்த வேலை.

போன வருஷம் அவர் இரண்டு உத்தரவு போட்டார். முதலாவது, சர்வரில் உள்ள எல்லா ஃபோல்டரிலும் தனக்கு முழு அதிகாரம் வேண்டும்.

"பாக்கற உரிமை போதுமே சார். மாத்தற உரிமை எதுக்கு?" என்றார் சர்வர்காரர்.

"ஏன்யா, என் வீட்டு அடுப்படிக்குள்ள போறதுக்கு நான் சமையக்காரன்கிட்ட அனுமதி வாங்கணுமா?"

சம்பள உயர்வு நெருங்கிக்கொண்டிருந்த சமயம். சர்வர்காரர் வாயை மூடிக்கொண்டு கொடுத்துவிட்டார்.

இரண்டாவது, டைரக்டர் தன் மேடைப் பேச்சுகளைச் சேர்த்து வைத்திருந்த 'பொன்மொழிகள்' ஃபோல்டர் வேறு யார் திரையிலும் தலைகாட்டக் கூடாது. "உன் கண்ணுலயும்தான். எட்டிப் பாத்தேன்னு தெரிஞ்சா அன்னிக்கே வீட்டுக்குப் போயிடலாம்." ஓசியில் கொடுத்தாலும் ஒருவரும் வாங்காத சரக்குக்கு அத்தனை காவல்.

அன்று சாயங்காலத்துக்குள் ஓர் ஆஸ்பத்திரியின் வரைபடங்களை அனுப்பியாக வேண்டும். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் 'ஆஸ்பத்திரி' ஃபோல்டரையே காணவில்லை. முந்தின நாள் எடுத்த நகல் பத்திரமாக இருந்தது. காலை முழுவதும் செய்த திருத்தங்கள்தான் அதில் இல்லை.

வரைபடப் பிரிவின் தலைவி, அலுவலகம் மொத்தத்துக்கும் அக்கா. நேரே கணக்கரின் மேஜைக்குப் போனாள்.

"உங்க பக்கம் தெரியுதான்னு பாருங்க."

"இல்லக்கா. உங்க மேக்குங்கதான் போற வழியெல்லாம் பேருக்கு முன்னாடி புள்ளி வச்ச குப்பை ஃபைலா உதிர்த்துட்டுப் போகுது. அதப் பெருக்கறப்ப நாங்க உங்க ஆஸ்பத்திரியத் தொடவே இல்ல."

"எங்கப்பன் குதிருக்குள்ள இல்லன்னு நான் கேக்காமலே சொல்றீங்களே!"

பாவம், கணக்கர் உண்மையைத்தான் சொன்னார். யார் எதை எங்கே நகர்த்தினார்கள் என்ற சர்வர் பதிவைக் குடைந்த சர்வர்காரருக்கு விஷயம் விளங்கிவிட்டது. காலையில் வரைபடங்களைப் பார்வையிட்ட டைரக்டர், மவுஸைப் பிடித்த கை நழுவி, ஆஸ்பத்திரியை அப்படியே இழுத்துத் தன் பொன்மொழிகளுக்குள் போட்டுவிட்டார். அந்த வாசலுக்குள் நுழைந்தது வேறு யார் கண்ணுக்குத் தெரியும்?

திருப்பி எடுத்து வைக்க அரை நிமிஷம் போதும். ஆனால் உள்ளே கை வைத்தால் உத்தரவை மீறிய குற்றம். திருப்பி வைத்துவிட்டால், ஒளித்தவனே கொண்டுவந்தான் என்ற குற்றம். 'நீங்கதான் சார் தொலைச்சீங்க' என்று டைரக்டரிடம் சொன்ன கடைசி ஆள் இப்போது எங்கே வேலை பார்க்கிறார் என்பது யாருக்கும் தெரியாது.

அதற்குள் கூட்டத்துக்கு அழைப்பு வந்தது. டைரக்டர் தன் மடிக்கணினியைப் பெரிய திரையில் இணைத்துவிட்டு எழுந்து நின்றார்.

"மூணு விதக் கம்ப்யூட்டர ஒரே வீட்டுல கட்டி மேய்ச்சா இதுதான் கதி. எனக்கு அப்பவே தெரியும். இதுக்குப் பொறுப்பான ஆள் நாளைலேர்ந்து இங்க இருக்க மாட்டார்." பார்வை சர்வர்காரர் மேல் வந்து உட்கார்ந்தது.

சர்வர்காரர் எழுந்து கை கட்டினார். "நான் போறேன் சார். ஒரே ஒரு ஆசை. போறதுக்கு முன்னாடி உங்க பொன்மொழி ஒண்ணு கேட்டுட்டுப் போகணும். பொறுமை பத்தி ஏதோ எழுதியிருக்கீங்களாமே."

அக்காவுக்குப் புரையேறியது. டைரக்டரோ நெகிழ்ந்துவிட்டார். இத்தனை வருஷத்தில் இப்படி வாய்விட்டுக் கேட்ட முதல் ரசிகன்! அத்தனை பேர் பார்க்க, பொன்மொழிகளை அவரே திறந்தார்.

'பொறுமை'. 'பொறுமை - திருத்தியது'. 'என் வெற்றியின் ரகசியம்'. இவற்றுக்கு மேலே, முதல் ஆளாக, 'ஆஸ்பத்திரி'.



"பாத்தீங்களா?" என்றார் டைரக்டர், தண்ணீர் ஒரு மடக்குக் குடித்துவிட்டு. "ஆளாளுக்குக் கை வைக்கறாங்கன்னு நான்தான் பத்திரமா எடுத்து வச்சேன். இதுக்குப் பேர்தான் தொலைநோக்கு."

முதலில் கை தட்டியவர் சர்வர்காரர். "உங்க தகுதிக்கு இப்படி எடுத்து வைக்கற வேலையெல்லாம் நீங்க செய்யலாமா சார்? அது எங்க வேலை. உங்களுக்கு மேற்பார்வை அதிகாரம்னு தனியா ஒண்ணு போட்டுத் தரேன். எல்லாத்தையும் பாக்கலாம். எதையும் தொட வேண்டிய தொல்லை இல்ல."

"அது இப்ப இருக்கறதவிடப் பெருசா?"

"அதுக்கு மேல இந்த சர்வர்ல எதுவுமே இல்ல சார்."

வரைபடம் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. சர்வர்காரர் அடுத்த நாளும் வேலைக்கு வந்தார். இப்போதெல்லாம் யாராவது விருந்தாளி வந்தால் டைரக்டர் அவரைத் திரைக்கு முன்னால் உட்கார்த்தி, ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்து காட்டுகிறார்.

"இந்த ஆபீஸ்ல எதையுமே தொடாம எல்லாத்தையும் நடத்தறவன் நான் ஒருத்தன்தான்."

அதை இதுவரை ஒருவரும் மறுக்கவில்லை.