காப்பிக் கடை மாடியில் வைத்த மொய்

பீமாராவ் என்ற மனிதர் மலையாண்டிக்குத் திருப்பிச் செய்யவேண்டிய மொய் ஐநூற்று ஒரு ரூபாய். வைத்த நாள் கார்த்திகை மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. வைத்த இடம் மதுரை காளவாசலுக்குப் பக்கத்தில் ஒரு காப்பிக் கடையின் மாடி. அன்றைக்கு அங்கே கல்யாணமும் இல்லை, காதுகுத்தும் இல்லை. மகளுக்கு வேலை தேடிப் போன இடத்தில் மலையாண்டி வைத்துவிட்டு வந்த மொய் அது.

மலையாண்டிக்கு ஊர் உசிலம்பட்டிக்கு மேற்கே. வேலை மதுரையில், கீழமாரட் வீதி வெங்காய மண்டியில் மூட்டை தூக்குவது. விடியக்கருக்கலில் பஸ் ஏறி ஆரப்பாளையத்தில் இறங்கி நடப்பார். இருபத்தெட்டு வருசமாக அந்த நடை. இப்போது இடுப்பு ஒத்துழைக்கவில்லை. மூட்டையை இறக்கிவிட்டு நிமிர்வதற்குள் அடுத்த ஆள் இரண்டு மூட்டை இறக்கிவிடுகிறான். பெரியாஸ்பத்திரியில் படம் பிடித்துப் பார்த்த டாக்டர், "இன்னும் ஒரு வருசம் தூக்குனீங்கன்னா அப்பறம் உங்களத்தான் தூக்கணும்" என்று சிரிக்காமல் சொல்லிவிட்டார்.

ஒரே மகள் பாண்டிமீனா. கம்ப்யூட்டர் படித்துவிட்டு இரண்டு வருசமாக வீட்டில் இருக்கிறாள். முகூர்த்த நாட்களில் மட்டும் மண்டபத்துக்குப் போய் மொய் அடிப்பாள். முன்பு நோட்டும் பேனாவும் இருந்த மேசையில் இப்போது லேப்டாப்பும், ரசீது துப்புகிற சின்ன மிசினும் இருக்கின்றன. ஒரு விசேசத்துக்குத் தொள்ளாயிரம் ரூபாய், சாப்பாடு. மற்ற நாளெல்லாம் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு கிரிப்டோ வேலை, கிரிப்டோ வேலை என்று அதே தியானம்.

அந்தப் பெயர் என்றாலே மலையாண்டிக்கு ஆகாது. அதே தெருவில் இருக்கிற நல்லகாமன் எவனோ சொன்னான் என்று ஒரு கிரிப்டோ காசில் ஒன்றே முக்கால் லட்சத்தைப் போட்டார். போன் திரையில் மூன்று மாதம் அது ஏறிக்கொண்டே போனது. நாலாவது மாதம் திரையே இல்லை. இன்றைக்கும் போன் அடித்தால் மனிதர் எடுப்பதில்லை.

"நான் காசு போடப் போகலப்பா. அந்த மாதிரி ஏமாறாமப் பாத்துக்கிற கம்பெனியும் இருக்கு. அங்க சம்பளத்துக்கு வேலை" என்பாள் பாண்டிமீனா.

"எந்த ஊருல இருக்கு அந்தக் கம்பெனி?"

"எந்த ஊருலயும் இல்ல. ஆளாளுக்கு அவங்கவங்க வீட்டுல இருந்து வேலை பாப்பாங்க."

"ஆபீசே இல்லாத கம்பெனியா? நல்லாருக்குத்தா."

நூற்றுப் பதினான்கு விண்ணப்பம் போட்டாள். ஒரு பதிலும் இல்லை. பிறகு விண்ணப்பம் போடுவதை விட்டுவிட்டாள். அந்தத் தொழில் ஆட்கள் கூடுகிற இணையக் குழுக்களில் சேர்ந்து, தெரியாமல் வந்து கேட்கிறவர்களுக்குத் தமிழில் பொறுமையாகப் பதில் எழுத ஆரம்பித்தாள். 'அனுப்பின பணம் வந்து சேரல', 'கடவுச்சொல் மறந்துபோச்சு' என்று வருகிற ஆட்களை உட்காரவைத்துப் பேசுவதுபோல எழுதுவாள். கூலி கிடையாது. ஆறு மாதம் இப்படி ஓடியது. மலையாண்டியின் மனைவி சோலையம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "முகந்தெரியாதவனுக்கெல்லாம் ஓசியில உழைக்கிறாளே, இவளுக்கு என்ன பிடிச்சிருக்கு?"

மலையாண்டிக்கு மட்டும் அது விளங்கியது. முதலில் நாம் போய் நாலு வீட்டில் செய்ய வேண்டும். அப்போதுதான் நம் வீட்டு விசேசத்துக்கு நாலு பேர் வந்து நிற்பார்கள். ஆனாலும் அவர் ஒரு கெடு வைத்தார். சனவரி ஒன்றாம் தேதிக்குள் வேலை கிடைக்காவிட்டால் மதுரையில் ஒரு நகைக்கடைக்குப் போய்விட வேண்டும். பன்னிரண்டு மணி நேரம் நின்றுகொண்டே பார்க்கிற வேலை. அங்கே பேசியாகிவிட்டது. மகளும் சரி என்றாள். சொல்லும்போது தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

அந்தக் கார்த்திகையில்தான் அழைப்பு வந்தது. குழுவில் பாண்டிமீனா எழுதுவதைக் கவனித்துவந்த பீமாராவ் என்பவர், மதுரையில் இந்தத் தொழில் ஆட்கள் மாதம் ஒருமுறை கூடுவதாகவும் நேரில் வரும்படியும் எழுதியிருந்தார். தனியாக அனுப்ப மலையாண்டிக்கு மனம் வரவில்லை. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கூடவே கிளம்பினார்.

காப்பிக் கடை மாடிப்படி ஏறியதும் வாசலில் ஒரு மேசை. மேசைமேல் ஒரு நோட்டு. நோட்டுக்குப் பின்னால் பேனாவோடு கண்ணாடி போட்ட ஒருவர். முன்னால் வரிசை. ஒவ்வொருவராகப் பெயர் சொல்ல, அவர் எழுதுகிறார்.

மலையாண்டிக்கு அந்த மேசையைத் தெரியும். பிறந்ததிலிருந்து தெரியும். விசேசம் என்று அழைத்தால் வெறுங்கையோடு போகிற பழக்கம் அவர் வம்சத்திலேயே கிடையாது. அவர் முறை வந்ததும் சட்டைப் பையிலிருந்து கவரை எடுத்து மேசையில் வைத்தார்.

"உசிலம்பட்டி, மூனா மலையாண்டி. ஐநூத்தியொண்ணு."

கண்ணாடிக்காரர் நிமிர்ந்தார். "என்னண்ணே இது?"

"மொய்யி. எழுதிக்கங்க தம்பி. போன் நம்பரும் போட்டுக்கங்க."

பின்னால் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பாண்டிமீனாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "ப்பா, இங்க அதெல்லாம் இல்லப்பா. வந்தவங்க பேரத்தான் எழுதுறாங்க. எடுத்துக்கங்கப்பா."

"மேசையில வச்ச மொய்யத் திரும்ப எடுக்கிறதா? அசலூருல வந்து என்னய அசிங்கப்படுத்தாதத்தா."

கண்ணாடிக்காரர்தான் பீமாராவ். முப்பத்தைந்து வயசிருக்கும். அவர் சிரிக்கவில்லை. கவரையும் பார்த்தார், மலையாண்டியையும் பார்த்தார். அப்புறம் நோட்டில் நிதானமாக எழுதினார். 'உசிலம்பட்டி மூ. மலையாண்டி, 501.' போன் எண்ணையும் எழுதிக்கொண்டார். "எழுதிட்டேண்ணே. உள்ள வாங்க, காப்பி சாப்பிடுங்க."

உள்ளே முப்பது பேர் இருந்தார்கள். சுவர் முழுக்கப் படம் காட்டியிருந்தார்கள். அதில் ஆளும் இல்லை, பாட்டும் இல்லை. வரி வரியாக எண்கள் மேலிருந்து விழுந்துகொண்டே இருந்தன. ஒன்று விழுந்து முடிப்பதற்குள் அடுத்தது. மண்டியில் தீபாவளிக்கு முந்தின நாள் மூட்டை இறங்குகிற வேகத்தைக் காட்டிலும் வேகம்.

"அது என்னத்தா?" என்றார் மகள் காதில்.

"உலகம் பூரா இந்த நிமிசம் யாரு யாருக்குக் கிரிப்டோ காசு அனுப்புறாங்கங்கிற கணக்குப்பா. பத்து நிமிசத்துக்கு ஒரு பக்கம் எழுதி முடியும். முடிஞ்ச பக்கத்த யாரும் திருத்த முடியாது."

"நோட்டு யார்கிட்ட இருக்கு?"

"எல்லார்கிட்டயும். ஆயிரக்கணக்கான ஆளுக அதே நோட்ட வச்சிருக்காங்க. ஒருத்தர் வீடு எரிஞ்சாலும் நோட்டு போகாது."

மலையாண்டி வாங்கி வைத்த காப்பியை மறந்துவிட்டார். சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாற்பது வயதுக்கு மேல் மகளின் பாடப் புத்தகத்தை வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தவர் அவர். சொந்த மொய் நோட்டைச் சொந்தக் கையால் எழுத வேண்டும் என்பதற்காகத்தான் படித்தார். அறுபத்து மூன்று வீட்டில் வைத்ததைக் கோணல்மாணலாக எழுதி டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தார். ஏழு வருசத்துக்கு முன் ஐப்பசி மழையில் கூரை ஒழுகி, பெட்டிக்குள் தண்ணீர் இறங்கி, நோட்டைத் திறந்தபோது நீல நிறத்தில் ஒரு குட்டைதான் இருந்தது. எழுத்து ஒன்றுகூட இல்லை. ஞாபகத்தில் போய்க் கேட்டதற்குப் பாதிப் பேர் "நீ எப்ப வச்ச?" என்றார்கள். இதோ நனையாத நோட்டு ஒன்று சுவரில் ஓடுகிறது. அவருக்கு உடம்பு சிலிர்த்தது. கோயிலில் தீபம் காட்டும்போது கைகள் தாமாகக் குவியுமே, அப்படி மடியில் குவிந்திருந்தன.

சுவர்ப்படம் மாறியது. கம்பளிச் சட்டை போட்ட ஒரு பெண்ணின் முகம் வந்தது. பீமாராவ் வேலை பார்க்கிற கம்பெனியில் அவருக்கு மேலே இருக்கிறவளாம். எங்கோ பனி கொட்டுகிற ஊரில் அவளுக்கு அப்போது காலை நேரமாம். பீமாராவ் அவளிடம் ஏதோ சொல்லிச் சிரித்துவிட்டு, பாண்டிமீனாவைக் கூப்பிட்டார்.

"அப்பா மொய் வச்சாரு. மொய்னா என்னன்னு அவங்களுக்குத் தெரியல. நீயே வந்து சொல்லும்மா."

பாண்டிமீனா எழுந்து போனாள். முதலில் இங்கிலீஷ் தடுக்கியது. அப்புறம் தடுக்கவில்லை. கைகளால் மேசையையும் வரிசையையும் ரசீதையும் வரைந்து காட்டிப் பேசினாள். கம்பளிக்காரி கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள். பிறகு ஒரு கேள்வி போட்டாள். பக்கத்தில் இருந்தவர் மலையாண்டிக்குத் தமிழில் சொன்னார். "'பணம் அனுப்பிட்டேன், போய்ச் சேரலன்னு ஒருத்தன் சண்டைக்கு வாரான். முதல்ல என்ன செய்வ?'ன்னு கேக்குறாங்கண்ணே."

பாண்டிமீனா சொன்ன பதிலையும் அவரே சொன்னார். "'முதல்ல அவர உக்கார வைப்பேன். பொய்யின்னு சொல்ல மாட்டேன், உண்மைன்னும் சொல்ல மாட்டேன். எத்தன மணிக்குன்னு கேட்டு, அந்த நேரத்துக்கு முன்னாடி பின்னாடி விழுந்த வரியப் பாப்பேன். மொய்ச் சண்டையில பாதி இப்படித்தான். காசு வந்திருக்கும், பின்னால நின்னவர் பேருல ஏறியிருக்கும்' அப்படிங்குதுண்ணே உங்க பொண்ணு."

சுவரில் அந்த முகம் மெல்ல மலர்ந்ததை மலையாண்டி பார்த்தார். யார் மகள், எந்தத் தெரு என்று அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவருக்கு அது கடைசிவரை நம்ப முடியாமலே இருந்தது.

இரண்டு வாரத்துக்குச் சோதனை வேலை கொடுத்தார்கள். நாற்பது புகார். நாற்பதையும் முடித்து அனுப்பினாள். அதற்குப் பின் பேச்சில்லை. மார்கழி பிறந்தது. பாண்டிமீனா போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கொஞ்ச நேரத்தில் தானே நிமிர்த்திப் பார்ப்பாள்.

டிசம்பர் இருபத்தொன்பதாம் தேதி காலை பதினொரு மணி. மண்டியில் மூட்டையை இறக்கிய கையோடு மலையாண்டியின் போன் சிணுங்கியது. எழுத்துக் கூட்டிப் படித்தார். பீமாராவ் அனுப்பியது. ஐநூற்று ஒரு ரூபாய்.

கூடக் குறைய இல்லை. அதே ஐநூற்று ஒன்று.

மலையாண்டி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். அவர்கள் பக்கத்தில் மொய்யை அப்படியே யாரும் திருப்ப மாட்டார்கள். வாங்கியதற்கு மேலே கொஞ்சம் கூட்டி வைப்பார்கள். கூட்டி வைத்தால் உறவு தொடர்கிறது. வாங்கியதை வாங்கியபடி திருப்பினால், இனி உன் வாசல் எனக்கு வேண்டாம் என்று அர்த்தம்.

கூட மூட்டை தூக்குகிற சோணை போனை வாங்கிப் பார்த்தான். "முடிச்சுவிட்டானே மாமா!"

"ஆமாடா."

"வாயால சொல்லச் சங்கடம். அதான் காசால சொல்லிட்டான். டவுனுக்காரன் விவரமாத்தான் இருக்கான்."

மத்தியான பஸ்ஸிலேயே ஊருக்குத் திரும்பினார். மகளிடம் போனை நீட்டினார். அவள் பார்த்தாள். அவளும் ஊரெல்லாம் மொய் அடிக்கிறவள்தானே, விளக்கத் தேவையிருக்கவில்லை. லேப்டாப்பை மூடினாள். "நகைக்கடையில என்ன கலர் சேலை கட்டச் சொன்னாங்கப்பா?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வியைத்தான் மலையாண்டியால் தாங்க முடியவில்லை. வாசலுக்கு வந்து பீமாராவுக்கே போன் போட்டார்.

"தம்பி, நான் மலையாண்டி பேசுறேன். வேலை இல்லன்னா பரவாயில்ல. மொய்ய எதுக்குத் தம்பி முடிச்சீக? நாங்க என்ன தப்புப் பண்ணோம்?"

"முடிச்சேனா? அண்ணே, கணக்க நேர் பண்ணேன். அவ்வளவுதானே?"

"அதத்தான் தம்பி நாங்க முடிக்கிறதுங்கிறோம்."

பீமாராவ் பதறினார். "ஐயய்யோ! அண்ணே, எங்க கம்பெனியில ஒரு சட்டம். வேலைக்கு எடுக்கிறவன், வேலைக்கு வர்றவங்க வீட்டுல ஒத்த ரூவா வாங்கியிருக்கக் கூடாது. பாண்டிமீனாவுக்கு இன்னைக்குக் காலையில ஓகே ஆயிருச்சு. நான் கையெழுத்துப் போடணும். போடப் போனா உங்க ஐநூத்தியொண்ணு ஞாபகத்துக்கு வந்துச்சு. அதக் குடுக்காம எப்படிண்ணே போடுறது? அதான் மொதல்ல உங்களுக்கு அனுப்பிட்டு, அப்பறம் போட்டேன். லெட்டர் மெயில்ல வந்திருக்குமே, அவ பாக்கலையா?"

"ஏத்தா, மெயில்ல லெட்டர் வந்திருக்காம், பாருத்தா" என்று மலையாண்டி உள்ளே குரல் கொடுத்தார். மண்டியில் மூட்டை தூக்கச் சேர்வதற்கு அந்தக் காலத்தில் மேஸ்திரிக்கு முந்நூறு ரூபாய் கொடுத்தவர் அவர். இந்த முதுகில் பாரம் ஏற்றிக்கொள்வதற்கே காசு கொடுத்தவர். காசு கொடுத்து வேலை வாங்கியவர்களைத்தான் அவர் ஆயுசு முழுக்கப் பார்த்திருக்கிறார். காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேலை கொடுக்கிற ஆட்களும் இந்த உலகத்தில், அதுவும் காளவாசலில், இருக்கிறார்களா?

உள்ளே லேப்டாப் திறக்கிற சத்தம் கேட்டது. அதன் பிறகு அம்மாவைக் கூப்பிட்டு மகள் போட்ட கூச்சல் தெருமுனை வரைக்கும் போனது. நல்லகாமன்கூட வெளியே வந்து எட்டிப் பார்த்தார்.

அன்று பொழுது சாய்வதற்குள் மலையாண்டி கடைத்தெருவுக்குப் போய்ப் புது நோட்டு ஒன்று வாங்கி வந்தார். திருத்த முடியாத அந்தப் பெரிய நோட்டு சுவரில் ஓடுகிற அளவுக்கு ஓடட்டும், அவருக்கு இது போதும். முதல் பக்கத்தில் ஒவ்வோர் எழுத்தாக, பேனாவை அழுத்தி எழுதினார்.

'மதுரை பீமாராவ். வரவு 501. கணக்கு நேர்.'