என் கல்யாணம், தினசரி நான்கு காட்சிகள்

என் கல்யாணம் முறிந்து இரண்டு வருஷம் ஆகிறது. கோர்ட்டே எழுதிக் கொடுத்துவிட்டது. ஆனால் விழுப்புரத்தில் ஒரு தியேட்டரில் மட்டும் எனக்குத் தினமும் நான்கு காட்சி கல்யாணம் நடந்துகொண்டிருந்தது.

விஷயம் தெரிந்ததே ரத்தம் எடுக்கும்போதுதான். நான் ஒரு லேபில் டெக்னீஷியன். கோலியனூரிலிருந்து சுகர் டெஸ்டுக்கு வந்த ஒரு அம்மா, கையை நீட்டிக்கொண்டே என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"ஏம்மா அஸ்வினி, சினிமாக் கொட்டாயில படத்துக்கு முன்னால மாலை மாத்திக்கினு சிரிக்கிறது நீதானே? வூட்டுக்காரரு ஜம்முனு இருக்காரு."

ஊசி குத்தியது அவருக்கு, சுருக்கென்றது எனக்கு.

அன்றைக்கே மேட்னிக்குப் போனேன். நகைக்கடை, டைல்ஸ் கடை, புகையிலை எச்சரிக்கை எல்லாம் வந்தன. அப்புறம் நான் வந்தேன். முகம் மட்டுமே பத்தடி இருக்கும். மாப்பிள்ளை பிரவீன்குமார் கழுத்தில் மாலையைப் போட்டுவிட்டு வாய்கொள்ளாமல் சிரிக்கிறேன். கீழே, எங்களுக்குக் கல்யாண வீடியோ எடுத்த திண்டிவனம் ஸ்டுடியோவின் பெயரும் போன் நம்பரும். அந்தச் சிரிப்பு பொய்யில்லை. அன்றைக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தேன். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இருட்டில் அழுதேன். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு மேனேஜரைப் பார்க்கப் போனேன்.

மேனேஜர் விருத்தாசலம் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார். "நாங்க என்னம்மா பண்றது? குடுத்ததைப் போடறோம். ஸ்டுடியோக்காரரு நிறுத்தச் சொன்னா அடுத்த நிமிஷம் நிறுத்திடறோம்."

மறுநாள் லீவு போட்டுவிட்டுத் திண்டிவனம் பஸ் ஏறினேன். ஸ்டுடியோ முதலாளி சீனுவாசன் வாயெல்லாம் பல்லாக வரவேற்றார். "வாம்மா வா, உன் வீடியோவைப் பார்த்துட்டு எத்தினி ஆர்டர் வருது தெரியுமா?" வந்த காரணத்தைச் சொன்னதும் சிரிப்பு போய்விட்டது. நோட்டை எடுத்துப் புரட்டினார்.

"ஆர்டரு மாப்பிள்ளை பேர்ல இருக்குது. அவரு வந்து சொல்லணும்மா. அதான் எங்க வழக்கம்."

"மாப்பிள்ளையே இல்லீங்க. டைவர்ஸ் ஆயிடுச்சி. இது என் மூஞ்சி."

"அவரும் வந்தாரும்மா, போன வாரம்." குரலை இறக்கினார். "வேற எடத்துல பொண்ணு பார்த்திருக்காங்களாம். அவங்க இதைப் பார்த்துட்டா பேஜாருன்னு, அவரை மட்டும் கட் பண்ணிடச் சொன்னாரு. பண்ணிட்டேன். வெள்ளிக்கிழமைலேர்ந்து நீ மட்டுந்தான் வருவ. உன்னைப் பத்தியும் கேட்டேன். அது இருந்துட்டுப் போவட்டும்னு சொல்லிட்டாரு."

இருந்துவிட்டுப் போகட்டுமாம். என் முகம் இருப்பதற்கும் போவதற்கும் அவர் உத்தரவு! கோர்ட்டுக்கு அலைந்த நாட்களில்கூட எனக்கு இவ்வளவு கோபம் வந்ததில்லை.

"நான் சொன்னா எடுக்க மாட்டீங்க?"

"வீட்டுல பெரியவங்க யாரையாவது கூட்டிக்கினு வாம்மா, பேசலாம்."

யாரையும் கூட்டிக்கொண்டு போகப் போவதில்லை என்று திரும்பும்போது பஸ்ஸிலேயே முடிவு செய்தேன்.

வெள்ளிக்கிழமை புதுப்படம். காலைக் காட்சிக்கே கூட்டம் பிதுங்கியது. முன்வரிசையில் உட்கார்ந்தேன். அந்தத் தியேட்டரில் திரைக்கு முன்னால் ஒரு சிமெண்ட் மேடை உண்டு. கதாநாயகன் வரும்போது ரசிகர்கள் ஏறி ஆடுகிற இடம்.

விளம்பரம் வந்தது. நான் மாலையை நீட்டுகிறேன். போட்டுக்கொள்ள எதிரே கழுத்து இல்லை. ஒன்றுமில்லாத இடத்தைப் பார்த்து அப்படிச் சிரிக்கிறேன். பைத்தியக்காரி மாதிரி இருந்தது. எழுந்து மேடையில் ஏறி நின்றேன். என் சிரிப்பு என் சுடிதார் மேலேயே விழுந்தது.

"ஏய், யாரும்மா அது? குந்தும்மா!"

"இது நான்தான்!" என்று கத்தினேன். "என்னைக் கேக்காமயே போட்டுக்கினு இருக்காங்க. எடுக்கிற வரைக்கும் எறங்க மாட்டேன்!"

யாரோ விசிலடித்தார்கள். யாரோ சிரித்தார்கள். நான் நகரவில்லை. விளம்பரம் முடிந்து படத்தின் சென்சார் சான்றிதழ் வந்தது. மற்ற நாளில் கைதட்டல் கூரையைப் பிளக்கும். இன்றைக்குச் சான்றிதழில் பாதி என் வயிற்றின் மேல் இருந்தது. ஒருவருக்கும் படிக்க முடியவில்லை.

அப்போதுதான் கூட்டத்துக்கு நிஜமான ஆத்திரம் வந்தது. பொய் சொல்வானேன், என் மேல் இரக்கப்பட்டு யாரும் எழுந்திருக்கவில்லை. அவர்களுக்குப் படம் வேண்டும், அவ்வளவுதான்.

"யோவ் மேனேஜர்! அந்தக் கருமத்தை எடுத்துத் தொலைய்யா! ஜல்தி!"

நூறு தொண்டைகள் சேர்ந்துகொண்டன. படம் நின்றது, லைட் எரிந்தது. விருத்தாசலம் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

"எறங்கும்மா, எடுத்துடறேன்."

"எடுங்க, எறங்கறேன்."

அவர் என்னைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். போனை எடுத்து சீனுவாசனிடம், "உன் விளம்பரமும் வேணாம், நீயும் வேணாம்ப்பா" என்றார். ஆபரேட்டர் ரூமைப் பார்த்துக் கையை ஆட்டினார். கொஞ்ச நேரத்தில் மேலேயிருந்து, "அழிச்சாச்சு சார்!" என்று குரல் வந்தது. இறங்கினேன். எனக்கில்லை, படத்துக்குத்தான் கைதட்டினார்கள்.

வெளியே வராந்தாவில் விருத்தாசலம் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "இனிமே வராது. திருப்திதானே? வீட்டுக்குப் போம்மா."

நான் நேராக டிக்கெட் கவுண்டருக்குப் போனேன். அவரும் பின்னாலேயே வந்தார்.

"மேட்னிக்கு ஒரு டிக்கெட் குடுங்க" என்றேன். "விளம்பரம் மட்டும் பார்த்துட்டுப் போயிடறேன்."