அடுப்புக்கு எதிரே இரண்டு நாற்காலி

அக்டோபர் 23, வியாழன். இன்றைய தவறு: மேஜை கேட்காமல் கவுன்டர் இருக்கை கேட்டுவிட்டேன்.

நாட்குறிப்பை அன்றன்றைய தவறில் தொடங்குங்கள் என்று மாலை எழுத்து வகுப்பு ஆசிரியை சொல்லியிருந்ததால் நொயேலியா அப்படி எழுதினாள். சரியில்லை என்று அடித்தாள். மறுபடியும் அதையே எழுதினாள்.

கவுன்டர் இருக்கைக்கு நேரே 'கடையின் சிறந்த இடம்' என்று இணையத்தில் போட்டிருந்தார்கள். டூசான் நகரத்தில் அந்தச் சாப்பாட்டுக் கடையில் இடம் கிடைப்பதே பெரிய விஷயம். மொத்தமே ஆறு மேஜை. யோசிக்காமல் அழுத்திவிட்டாள். போய்ப் பார்த்தால், அடுப்புக்கு நேர் எதிரே இரண்டு உயரமான நாற்காலிகள். அவளும் அப்பாவும் தோளோடு தோள் உரச உட்கார்ந்தார்கள். கை நீட்டினால் தொடும் தூரத்தில் டெஸ்ஸா நின்றாள். கடைக்குச் சமையல்காரியும் அவள்தான், முதலாளியும் அவள்தான்.

அப்பாவிடம் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: இனி வண்டி ஓட்டாதீர்கள். போன மாதம் எதிர்வீட்டுத் தபால் பெட்டியை வண்டியால் இடித்துச் சாய்த்துவிட்டு, அதை அங்கே நட்டவன் யார் என்று சண்டைக்குப் போனார். அவர் தெருவில் பள்ளிக்கூடம் இருக்கிறது. பஸ் கிடையாது. சாவியை வாங்கிவிட்டால் அப்பாவுக்கு, எவரிஸ்தோ என்கிற அந்த மனிதருக்கு, ஊர் என்று ஒன்று இருக்காது, வீடு மட்டும்தான் இருக்கும். இதெல்லாம் தெரிந்துதான் வீட்டில் பேசாமல், நல்ல சாப்பாட்டுக்கு நடுவே மெதுவாகச் சொல்லலாம் என்று நினைத்திருந்தாள். இன்றைக்கும் அவர்தான் தன் பிக்கப் வண்டியில் வந்து அவளை ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்.

"அப்பா, ஒரு விஷயம் பேசணும்."

"பேசு பாப்பா."

"இது கள்ளிமொட்டு," என்று டெஸ்ஸா தட்டை நடுவில் வைத்தாள். "ஏப்ரல்ல நானே போய்ப் பறிச்சு, முள்ளெடுத்துக் காயவச்சது."

"நல்லா எடுத்தியாம்மா? எங்க அத்தை முள்ளெடுக்கிற லட்சணத்துல மாமா ஒரு வாரம் வாயே திறக்க மாட்டாரு."

டெஸ்ஸா சிரித்தாள். பேச்சு அத்தைக்குப் போய், மாமாவின் கழுதைக்குப் போய், நொயேலியா சொல்ல வந்ததற்கு இடமே இல்லாமல் போனது. அடுத்த தட்டிலும் அதே கதை. அவள் வாயைத் திறக்கும்போதெல்லாம் ஏதோ ஒன்று வெந்து முடிந்தது.

பிறகு பீன்ஸ் வந்தது, மேலே மாதுளை முத்துகள். பக்கத்துச் சின்னக் கிண்ணத்தில் சில்டெப்பின், மிளகு போல உருண்டையான சிவப்பு மிளகாய். ஒன்றை விரலால் நசுக்கித் தூவினால் முழுத் தட்டுக்கும் போதும். அப்பா கிண்ணத்தில் கைவிட்டு அள்ளி வாயில் போட்டுக்கொண்டார். அவரைத் தடுக்க நொயேலியாவின் கை தாமதமாகத்தான் நீண்டது.

டெஸ்ஸாவின் கரண்டி நின்றது. "சார், அது சில்டெப்பின்."

"தெரியும்மா." கண்ணிலும் மூக்கிலும் நீர் வழிந்தது. மென்று விழுங்கினார். "இது விளையிற சொனோராவில பொறந்தவன். இதைக் கொறிச்சுத்தான் வளர்ந்தேன்."

"இத்தனை வருஷத்துல இப்படி அள்ளித் தின்ன ஆளைப் பார்த்ததே இல்ல," என்றாள் டெஸ்ஸா, கடை முழுக்கக் கேட்கும்படி. பின்னால் ஒரு மேஜையில் கை தட்டினார்கள். கேட்காத ஆட்டு விலா ஒரு துண்டு அவருக்கு வந்தது. நொயேலியாவுக்குத் தட்டைத் தள்ளிவிட வேண்டும் போலிருந்தது. எதற்குப் பயந்து பேச வந்தாளோ அது எல்லோர் கண்ணெதிரிலும் நடந்திருக்கிறது, அதற்குப் பாராட்டும் கிடைக்கிறது.

"மாதுளைன்னு நெனச்சுத்தானே எடுத்தீங்க?" என்றாள், அவர் காதோரம்.

அவர் துணியால் முகம் துடைத்தார். "இவ்வளவு இருட்டுக் கடைக்குக் கூட்டிட்டு வந்து, அப்பனுக்குக் கண்ணு தெரியலன்னு கண்டுபிடிக்கிறியா?"

"தெருவில பிள்ளைங்க நடக்குதுங்கப்பா."

அவர் ஆட்டு விலாவைக் கடிக்கத் தொடங்கினார். அடுத்த தட்டோடு வந்த டெஸ்ஸா இருவரையும் பார்த்தாள். தட்டில் இருப்பது என்னவென்று சொல்லாமல் வைத்துவிட்டுப் போனாள்.

வெளியே வந்தபோது தெருவின் மேற்குக் கோடியில் சூரியன் நேராக முகத்தில் அடித்தது.

"சாவியக் குடுங்க."

"இந்த வெயில்ல உனக்கு மட்டும் தெரியுதாக்கும்." ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து ஏறிக்கொண்டார்.

அவளுக்கும் கண் கூசத்தான் செய்தது. அவர் கையிலிருந்து பிடுங்கத் துணியாத தன்மேலேயே எரிச்சல் பட்டுக்கொண்டு மறுபக்கம் ஏறினாள்.

முதல் சிக்னலில் வண்டி நின்றது. கண்ணாடி முழுக்க வெளிச்சம். அவர் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். தலையைத் திருப்பாமலே கேட்டார்.

"என்ன நிறம்?"

அவள் கையை நெற்றியில் வைத்து மறைத்துப் பார்த்தாள். பச்சை. சொன்னால் வண்டி நகர்ந்துவிடும். பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள்.

வீடு வந்தபின் நாட்குறிப்பின் கடைசியில் எழுதினாள். நாளை: வேலைக்கு லீவு சொல்ல வேண்டும். காலையில் அப்பாவைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும், என் வண்டியில்.