நிரப்பாத சதுரங்கள்

அந்த வீட்டில் யாரும் வயிற்றில் கட்டி வந்து சாவதில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தல் பிரிப்பதற்குள் பங்காளிகள் கூடி, சாவுக்கு வேறொரு காரணம் பேசி முடித்துவிடுவார்கள். மாமனாருக்கு விஷக்காய்ச்சல். நாத்தனார் தாயம்மாளுக்குக் காமாலை. மூத்த மைத்துனர் கங்காதரனுக்கு மாரடைப்பு. இல்லாவிட்டால் பெண் எடுக்க எவனும் திருத்தணிப் பக்கம் வரமாட்டான்.

ஞானம்மாள் கனகம்மாசத்திரத்திலிருந்து வாழ்க்கைப்பட்டவள். மூன்று பேருக்கும் துணி அலசியவள் அவள்தான். அந்த ரத்த வாடை அவளுக்குத் தெரியும்.

எழுபத்தொன்பதில் புருஷன் ஜம்புலிங்கம் வயிற்றில் கட்டியோடு சென்னை ஆஸ்பத்திரியில் சாகக் கிடந்தபோது, டாக்டர் ஒரு தாளில் ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம் என்று குடும்பத்தையே வரைந்தார். இதே நோய் கண்டவர்களை மையால் நிரப்புவாராம். வேறு யாருக்காவது இருந்ததா என்று கேட்டார். கொழுந்தன் கண்ணையன் முந்திக்கொண்டு இல்லை என்றான். ஞானம்மாள் வாய் திறக்கவில்லை. ஜம்புலிங்கத்தின் ஒரே ஒரு சதுரம்தான் கறுத்தது.

உடம்பு தன்னைத்தானே படியெடுத்துக்கொண்டே இருக்கிறதாம். பிழை விழுந்தால் வெட்டி ஒட்டிச் சரிசெய்யவும் உள்ளேயே ஏற்பாடு உண்டாம். சில குடும்பங்களில் அந்த ஏற்பாடே பழுதாகி, பெற்றவர்களிடமிருந்து பிள்ளைகளுக்கு இறங்குகிறதோ என்று டாக்டர்களுக்கு ஒரு சந்தேகம்; இன்னும் நிரூபணமாகவில்லை. அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைகளை வருஷாவருஷம் சோதித்தால் முன்கூட்டியே பிடித்துவிடலாம். "உங்க வீட்ல அப்படி இல்லையே, பயப்படாதீங்க" என்றார் டாக்டர்.

அன்றிலிருந்து நிரப்பாத சதுரங்களும் வட்டமும் அவளை விடவில்லை. அரிசி களையும்போது மாமனார் பின்னால் நின்று தொண்டையைச் செருமுவார். மலைக்குப் போனால் தாயம்மாள் வயிற்றைப் பிடித்தபடி இரண்டு படி கீழே ஏறி வருவாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. காத்துக்கொண்டு மட்டும் இருந்தார்கள்.

எண்பத்துநாலு தை மாதம் மகன் இளங்கோவன் மூலச்சூடு என்று வெந்தயம் ஊறவைத்துக் குடித்தான். ஞானம்மாள் அவன் வேட்டியை அலசினாள். அதே வாடை.

கண்ணையன் மகள் பங்காருவுக்கு அந்த வாரம்தான் நிச்சயதார்த்தம்.

"தாலி ஏறட்டும் அண்ணி, நானே கூட்டிகினு போறேன்" என்றான் கண்ணையன். "இப்ப வாயத் தொறந்தா எம்பொண்ண யாரு கட்டுவான்?"

"மூலத்துக்கா மெட்ராசு போவாங்க?" என்று இளங்கோவன் சிரித்தான்.

"உங்க நைனாவுக்கும் மூலம்னுதான்டா சொன்னாங்க."

மறுநாள் முதல் ரயிலில் அவனை இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் பழைய தாளைத் தேடி எடுத்தார். அவள் ஒவ்வொரு பெயராகச் சொல்லச் சொல்ல, அவர் நிரப்பிக்கொண்டே வந்தார். பேனாவை மூடிவிட்டு, "இத அப்பவே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார்.

இளங்கோவன் ஆவணி வரை இருந்தான்.

சேதி பரவி, பங்காருவின் கல்யாணம் நின்றது. கண்ணையன் பேச்சை நிறுத்திக்கொண்டான். புரட்டாசியில் ஒரு காலை, பங்காரு கையில் ஒரு பையோடு வாசலில் நின்றாள்.

"நைனாவுக்குத் தெரியாது பெரிம்மா. என்னையும் அந்த டாக்டருகிட்ட கூட்டிகினு போ."

ரயிலில் கூட்டமில்லை. ஜன்னலோரம் உட்காரப் போனவளை ஞானம்மாள் கையைப் பிடித்து இந்தப் பக்கம் இழுத்துக்கொண்டாள். அங்கே இளங்கோவன் உட்கார்ந்திருந்தான்.