மாடத்தி காலும் ஒரகடம் சாலைப் பள்ளமும்

மாடத்தியின் இடது காலில் புண் ஒரு விரல் அகலம் பெருத்த அன்று, அவள் குடியிருந்த ராஜம்மா வீட்டு வாசலில், ஒரகடம் சாலையில் கிடந்த பள்ளமும் ஒரு சாண் பெருத்தது. அந்தப் பக்கம் பள்ளம் பெருப்பதெல்லாம் ஒரு செய்தியா? கன்டெய்னர் லாரி ஓடுகிற சாலை அப்படித்தான் இருக்கும் என்று எல்லோரும் சும்மா இருந்துவிட்டார்கள். மாடத்தி சங்கரன்கோவில் பக்கமிருந்து வந்து, கார்களுக்கு வயர் கட்டும் கம்பெனியில் லைனில் நிற்பவள். கெண்டைக்காலில் கொசுக்கடி போலக் கிளம்பியது, மாதம் திரும்புவதற்குள் ஊதா விளிம்பு கட்டிய குழியாகிவிட்டது. வலியென்றால் அப்படி ஒரு வலி. ஓர் ஆஸ்பத்திரியில் அழுகல் என்று சுரண்டினார்கள். புண் இரண்டு மடங்கானது. மறுபடி வெட்டினார்கள், அன்றைக்குக் கம்பெனி பஸ்ஸின் முன்சக்கரமே பள்ளத்தில் இறங்கி, டிரைவர் கன்னியப்பன் கயிறு கட்டி இழுக்க வேண்டியதாயிற்று. கடைசியில், முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடலாம் என்றார்கள்.

“காலை எடுத்துட்டா நான் லைன்ல எப்படி நிக்க?” என்று மாடத்தி ஓவென்று அழுதாள்.

ராஜம்மாவுக்குத்தான் சூட்சுமம் பிடிபட்டது. “அங்க உன் கால்ல கத்தி வெச்சா இங்க என் வாசல் உள்ள போவுது. நோண்டிகினே இருந்தா எந்தக் குழிடி மூடும்? வேற டாக்டராண்ட போலாம், கெளம்பு.”

தோல் டாக்டர் அமலா விளிம்பில் துளி சதை மட்டும் எடுத்துச் சோதித்தார். வேறு நோய் எதுவும் இல்லையென்று உறுதியானதும் சொன்னார்: “இது கிருமி வேலை இல்லம்மா, அபூர்வமான நோய். உங்க உடம்போட காவல்காரனே வீட்டுக்காரன அடிக்கிறான். கத்தி பட்டா அவனுக்கு வெறி ஏறும். அவனை அடக்க மாத்திரை தர்றேன். புண்ணைச் சுரண்டாம, பதமா கழுவி மூடி வெச்சாப் போதும்.”

மாத்திரையில் மாடத்தியின் முகம் பணியாரமாக உப்பியது. ஆனால் வலி அடங்கியது. புண்ணின் ஓரத்தில் மெல்லிய தோல் ஏற ஏற, பள்ளத்தின் ஓரத்தில் தாரும் தானாக வளர்ந்தது. அந்த நேரம் பார்த்தா, பள்ளத்தைத் தோண்டிச் செப்பனிடப் பொக்லைன் வந்து நிற்க வேண்டும்? மாடத்தி விந்தி விந்தி ஓடிப்போய், கட்டுப்போட்ட காலோடு பள்ளத்துக்குள் உட்கார்ந்துகொண்டாள்.

“இது என் காலு! தொட்டீருன்னா தெரியும் சேதி!”

ஷிப்டு விட்டு வந்த பஸ்கள் வரிசையாக நின்றன. பெண்கள் இறங்கி அவளைச் சுற்றி நின்றுகொண்டார்கள். கன்னியப்பன் பஸ்ஸைக் குறுக்கே போட்டுவிட்டுச் சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். பொக்லைன்காரர் இறங்கி எட்டிப் பார்த்தார். பள்ளத்தின் விளிம்பு ஊதா நிறத்தில் விண்விண்ணென்று துடித்துக்கொண்டிருந்தது.

“இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னாம்மா?” என்று கடிந்துகொண்டு வண்டியைத் திருப்பினார்.

தை பிறப்பதற்குள் இரண்டும் மூடின. மாடத்தி இரண்டு காலையும் ஊன்றிப் பஸ் ஏறிய காலையில் பெண்கள் போட்ட குலவை சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் வரை கேட்டது. ரயில் கூட ஒரு நிமிஷம் நின்றுதான் போனது. அவள் காலில் சுருக்கம் விழுந்த பளபளப்பான தழும்பு ஒன்று இருக்கிறது, சாலையிலும் அதேபோல் ஒன்று. தார் போட வருகிறவர்கள் இன்றைக்கும் அந்த இடத்தை விட்டுவிட்டுத்தான் போடுகிறார்கள். புதிதாக வந்தவர் யாராவது ஏனென்று கேட்டால், “அது மாடத்தி காலு” என்கிறார்கள். அவரும் சரியென்று ஒதுங்கிப் போகிறார்.