கிணற்றுக்குப் பதினான்கு கன மீட்டர்

எல்டோஸ் எழுதுவான், கம்ஷாத் வெட்டுவாள். ஆறு வருஷமாக இருவருக்கும் பிழைப்பு இதுதான். அல்மாட்டியில் ஒரு பழைய தையல் தொழிற்சாலையின் மூன்றாம் மாடி, இரண்டு மேஜை, ஒரு பிரிண்டர், வாசலில் டிவி தொடர் எடுக்கும் கம்பெனியின் பலகை. அவன் ‘பனிப்புயல்’ என்று ஒரு வார்த்தை தட்டினால், அதற்கு எத்தனை லட்சம் டெங்கே ஆகும் என்று அவள் நிமிராமலேயே சொல்லிவிடுவாள்.

இந்த முறை எட்டு பாகத் தொடர். ஒரு பள்ளி ஆசிரியை காணாமல் போகிறாள். பல வருஷம் கழித்துத் தங்கை தேடி வருகிறாள். பாதிச் செலவை ஏற்பதாகச் சேனல் கடிதம் கொடுத்திருந்தது. மீதிப் பாதிக்கு வெளியே ஆள் பிடித்து, வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் ஒப்பந்தத்தைக் கொண்டுபோய் வைக்க வேண்டும். தவறினால் அந்த ஒளிபரப்பு நேரம் வேறு கம்பெனிக்குப் போய்விடும். வாசல் பலகையைக் கழற்ற வேண்டியதுதான்.

ஆள் கிடைத்தார். சைலாவ்பெக். நகரத்தில் எங்கே கட்டடம் எழும்பினாலும் வயிறு சுழல நிற்கும் கான்கிரீட் லாரிகளில் முக்கால்வாசி அவருடையவை. பணம் போடுகிறவர்கள் கதையைப் படிப்பதில்லை. மச்சான் மகளுக்கு ஒரு வேஷம் உண்டா என்று கேட்பார்கள், அவ்வளவுதான். சைலாவ்பெக் கேட்கவில்லை. படித்தார்.

முதல் பிரதியில் ஆசிரியையை ஜனவரி மாத நள்ளிரவில், கப்சகாய் ஏரியில், மூன்று பேர் கொல்கிறார்கள். அவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டு, மீதியில் கால்வாசி தருகிறேன் என்றார். அது போதாது. கம்ஷாத் கத்தியை எடுத்தாள். ஏரி என்றால் படகு, முக்குளிப்பவர்கள், இன்ஷூரன்ஸ். ஏரி போயிற்று, மலையடிவாரத்தில் சோவியத் காலத்துப் பிள்ளைகள் விடுமுறைக்குத் தங்கி, பிறகு கைவிடப்பட்ட பயனியர் முகாம், அங்கே ஒரு கிணறு என்று மாறியது.

சைலாவ்பெக் சிரிப்பை நிறுத்தினார். தொகை பாதியாயிற்று.

செயற்கைப் பனிக்குக் கட்டுப்படியாகாது என்று ஜனவரியை அக்டோபர் ஆக்கினாள். முக்கால்வாசி தருகிறேன் என்றார். மூன்று நடிகர் சம்பளத்தை மிச்சம் பிடிக்க, மூன்று பேரை ஒருவனாக்கி, காரில் வசனம் இல்லாத ஒரு டிரைவரை உட்கார வைத்தாள். அந்தப் பக்கத்தில் அவர் விரல் வெகு நேரம் நின்றது. இதையெல்லாம் யார் சொன்னார்கள் என்று கேட்டார். கணக்குதான் சொல்கிறது என்றாள் அவள்.

"விசித்திரமான ஆளா இருக்காரு," என்றான் எல்டோஸ். "செலவைக் குறைச்சா எல்லாரும் பணத்தைக் குறைப்பாங்க. நீ வெட்ட வெட்ட இவர் கூட்டிக்கிட்டே போறாரு. இன்னும் ரெண்டு வெட்டு வெட்டு, வீட்டையே எழுதிக் குடுத்துடுவாரு."

வியாழக்கிழமை காலை அவளை வீட்டுக்கே வரச் சொல்லியிருந்தார். எல்டோஸ் வெளியே காரில் இருந்தான். கடைசி வெட்டு அவள் பையில் இருந்தது: இரவுப் படப்பிடிப்புக்கு இரட்டைக் கூலி என்பதால் கொலையைப் பிற்பகல் மூன்று மணிக்கு மாற்றியிருந்தாள்.

சைலாவ்பெக்கின் மனைவி ஸாகிரா தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். கிண்ணத்தின் அடியில் இரண்டு வாய் அளவு, பால் விட்டு, மறுபடி வாங்கி, மறுபடி இரண்டு வாய். விருந்தாளியை மதிக்கிற வீட்டில் அப்படித்தான் ஊற்றுவார்கள்.

சைலாவ்பெக் அவள் கொடுத்த பிரதியில் பென்சிலால் குறித்துக்கொண்டே வந்தார். 'மூன்று மணி' என்ற இடத்தில் பென்சில் நின்றது. பிறகு பிரதியையும் ஒப்பந்தத்தையும் கம்ஷாத் பக்கம் நகர்த்தினார். மீதி முழுவதும் அவர் பொறுப்பு. அவர் கையெழுத்து ஏற்கனவே இருந்தது. கீழே ஒரே ஒரு வரி புதிதாக: பொருளாக வழங்குவது, கிணற்றுக்குக் கான்கிரீட், பதினான்கு கன மீட்டர்.

கம்ஷாத்துக்குச் சிரிப்பு வந்தது. "அகா, படத்துல வர்ற கிணத்துக்குப் பிளைவுட் வளையம் போதும். எங்க முற்றத்துலயே செஞ்சிடுவோம்."

"படத்துக்கு இல்ல, கராகிம். கோக்பாஸ்தாவ் முகாம்லதான் எடுக்கணும். எடுத்து முடிச்சதும் நிஜக் கிணத்தை மூடிடணும். குழந்தைங்க விழுந்துடும்."

கராகிம், என் கண்ணே என்ற குரலில் அத்தனை கனிவு. ஆனால் கதையில் முகாமுக்குப் பெயரே கிடையாது. கோக்பாஸ்தாவ் முகாமில் குழந்தைகள் கால்வைத்து இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவள் மூளை அதன் பாட்டுக்குக் கணக்குப் போட்டது. ஒன்றரை மீட்டர் வாய் உள்ள கிணறு என்றால், பதினான்கு கன மீட்டருக்கு எட்டு மீட்டர் ஆழம். ஆழத்தை எல்டோஸ் எழுதவில்லை.

பிரதியைப் புரட்டினாள். ஓரங்களில் பென்சில் குறிப்புகள். *கிணறு சமையல்கூடத்துக்குப் பின்னால். மூடி மரம் அல்ல, இரும்பு. அவள் கத்தவில்லை.*

அப்போது ஸாகிரா அவள் கிண்ணத்தை வாங்கினாள். திருப்பித் தந்தபோது தேநீர் விளிம்பு வரை தளும்பியது.

கிண்ணம் நிறைந்து வந்தால் எழுந்து போ என்று அர்த்தம். கம்ஷாத்தின் வாழ்நாளில் எந்த வீட்டிலும் அது நடந்ததில்லை.

"என்ன ஸாகிரா, பொண்ணைத் துரத்துறியா?" அவர் சிரித்தார்.

"கை நடுங்கிடுச்சு," என்றாள் ஸாகிரா.

தட்டில் ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. அவள் கண்கள் கம்ஷாத்தை விட்டு நகரவில்லை.

கையெழுத்தை எல்டோஸும் போட வேண்டும் என்று ஏதோ சொல்லி, காகிதங்களை அள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். காரில் ஏறியதும் கேட்ட முதல் கேள்வி, இந்தக் கதையை எங்கிருந்து எடுத்தாய் என்பது. எங்கிருந்தும் இல்லை என்றான். அவன் எழுதியது ஏரிதானே, கிணறாக்கியது அவள்தானே என்று திருப்பிக் கேட்டான். செலவை மிச்சம் பிடிக்கப் போட்ட ஒவ்வொரு வெட்டும் எங்கேயோ போய்ச் சரியாகப் பொருந்திக்கொண்டிருந்தது.

நேரே கோக்பாஸ்தாவ் முகாமுக்கு விடச் சொன்னாள். நாற்பது நிமிஷம். கூரை இடிந்த சமையல்கூடம். அதற்குப் பின்னால் கிணறு. மூடி இரும்பு.

பக்கத்தில் ஒரு காட்டு ஆப்பிள் மரம். அதன் கிளைகளில் வெள்ளைத் துணிக் கீற்றுகள் கட்டியிருந்தன. வேண்டுதலுக்குக் கட்டுகிறவர்கள் கூட்டமாக வருவார்கள், பல நிறத்தில் கட்டுவார்கள். இங்கே எல்லாமே ஒரே நிறம், ஒரே முடிச்சு. மழையில் கறுத்து நூலாகிப்போனதிலிருந்து நேற்றுக் கட்டியதுபோல் வெளுத்தது வரை, கம்ஷாத் எண்ணினாள். இருபத்தாறு. வருஷத்துக்கு ஒன்று.

எல்டோஸ் மூடியைத் தூக்கிப் பார்த்தான். அசையவில்லை. அவளும் மறுபக்கம் பிடித்தபோதுதான் விரலளவு எழும்பி, உள்ளிருந்து குளிர்ந்த காற்று அவர்கள் மணிக்கட்டில் பட்டது. இருவரும் கையை எடுத்துவிட்டார்கள்.

"ஒரு ஆளால முடியாது கம்ஷாத். கதையிலதான் ஒருத்தன்."

அவள் பிரதியின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். அங்கேயும் பென்சில் இருந்தது. *காரில் இருந்தது ஆண் அல்ல. மாற்றவும்.*

கீழே மலைப்பாதையில் எஞ்சின் முக்கல் கேட்டது. இரண்டு லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக, வயிறு சுழல, ஏறி வந்தன. பின்னால் ஒரு கறுப்புக் கார். கலந்துவிட்ட கான்கிரீட் யாருக்கும் காத்திருக்காது. அவள் அந்த வீட்டுப் படியேறும்போதே இந்த லாரிகள் நிரம்பிக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

"கையெழுத்துப் போட்டுட்டு இறங்கிடலாம்," என்றான் எல்டோஸ். "நாம எதையும் பாக்கல. நாளைக்கு மதியம், கம்ஷாத். ஆறு வருஷம்."

அவள் போய் மூடியின் நடுவில் உட்கார்ந்தாள். இரும்பின் குளிர் உடம்புக்குள் ஏறியது.

"சேனலுக்குப் போன் போடு. நம்ம நேரத்தை வேற யாருக்காவது குடுத்துடச் சொல்லு. அதுக்கு முன்னாடி போலீஸுக்குப் போடு. கெணத்துக்குள்ள ஒரு பொம்பள இருக்கான்னு சொல்லு."

லாரிகள் இருபது அடி தள்ளி நின்றன. கான்கிரீட் கொட்டும் தகரச் சரிவு அவளை நோக்கி நீண்டிருந்தது. ஓட்டுநர்கள் அவளைப் பார்த்தார்கள், காரைப் பார்த்தார்கள், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தார்கள். காரின் கண்ணாடிக்குப் பின்னால் சைலாவ்பெக்கின் முகம் தெரிந்தது. அவர் இறங்கவில்லை.

இறங்கியது ஸாகிரா. சரளைக் கல்லில் சத்தமில்லாமல் நடந்து வந்தாள். எழுந்திரு என்று சொல்லப்போகிறாள் என்று கம்ஷாத் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். ஸாகிரா பாவாடையை ஒதுக்கி, மூடியின் மேலேயே, அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரும்பு லேசாக முனகியது.

ஸாகிரா இரும்பின் மேல் உள்ளங்கையை விரித்து வைத்தாள்.

"அவ பேரு நீங்க வெச்ச பேரு இல்ல," என்றாள் ஸாகிரா தாழ்ந்த குரலில், கிணற்றுக்குள் இருப்பவளுக்குக் கேட்டுவிடுமோ என்பதுபோல. "எழுதிக்க."